என்க்வாந்தாவில் வைத்த புள்ளி

ஜூன் 9
நாட்டின் மேற்குக் காட்டோரம், ரோடுகள் கூடும் நம் சந்திக்குப் பின்னால் இருக்கும் சதுப்பை மண்ணடித்து லாரி நிறுத்தம் ஆக்கப் போகிறார்களாம். நான் ஆராயும் நாணல் தவளை அங்கேதானே இருக்கிறது என்றேன். திட்ட அதிகாரி என் ஆய்வுக் கட்டுரையையே எடுத்து நீட்டினார்.

"கிழக்கே என்க்வாந்தா ஊர்லயும் இருக்குன்னு நீங்கதானே மேடம் வரைபடத்துல புள்ளி வெச்சிருக்கீங்க? இங்க போனா என்ன?"

அந்தப் புள்ளி எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்த தவளையின் சீட்டைப் பார்த்து வைத்தது. நான் அங்கே போனதே இல்லை.

ஜூன் 16, கிழக்கே
ஆறு நாள் மழையில் நனைந்து ஒரே ஒரு தவளை. அதே கட்டைவிரல் நக அளவு, அதே பச்சை, மூக்கில் அதே வெள்ளை முக்கோணம். என்ன அழகு! கத்தலைப் பதிவு செய்தேன். அதிகாரி சொன்னது சரிதானோ?

ஜூன் 18
நம் சந்தியில் கென்கே என்னும் மக்காச்சோள உருண்டை விற்கும் அக்குபாவுக்குப் பதிவைப் போட்டுக் காட்டினேன்.

"இது எங்க ஊரு ஆளே இல்ல. நம்மாளு நறுக்குன்னு கத்துவான். இது கொட்டாவில்ல விடுது!"

ஜூன் 20
ஒலியை அலசினேன், விரலிடைச் சவ்வை அளந்தேன். வேறு இனம்தான். எனக்கு இரண்டு நாள், அவளுக்கு ஒரு நொடி. அடேயப்பா, என்ன காது!

அப்படியானால் அந்தச் சீட்டு?

ஜூன் 22
வேனில் ஒரு பெண், "என்க்வாந்தாவுல நிறுத்துப்பா" என்றாள். நம் சந்தியில் இறங்கிப் போனாள்.

ஐயோ! எங்கள் பேச்சில் என்க்வாந்தா என்றாலே சந்திதானே! "இது எந்த இடம்?" என்று அந்த வெள்ளைக்காரர் கேட்டிருப்பார். "சந்தி" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஊர்ப்பெயர் என்று எழுதிக்கொண்டார். அவருக்குப் பாஷை தெரியாது, சரி. எனக்கு என்ன கேடு?

ஜூன் 23
அவருடைய மற்ற சீட்டுகளையும் பார்த்தேன். முந்தின நாளும் மறுநாளும் இதே காடு. ஒரே நாளில் நாட்டின் மறுகோடி போய்வர இறக்கையா முளைத்தது?

திருத்தம் அனுப்பிவிட்டேன். "கிழக்குப் பதிவு தவறு. தவறு என்னுடையது." வெட்கம்தான். அனுப்பாமல் இருந்தால் இன்னும் வெட்கம்.

ஆகஸ்ட் 30
என் திருத்தத்தைப் பார்த்து லாரி நிறுத்தத்தை மேட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அக்குபாவைச் சதுப்புக்குள் கூட்டிப்போய், இலையில் ஒட்டியிருந்த முட்டைகளைக் காட்டினேன்.

"உலகத்துலயே இவன் இங்க மட்டும்தானா?"

"தெரிஞ்ச வரைக்கும் இங்க மட்டும்தான்."

குனிந்து முட்டைகளைப் பார்த்தாள். பிறகு என் பூட்ஸைப் பார்த்து அதட்டினாள். "அப்போ காலைப் பாத்து வை, டாக்டர்!"