நோதாரின் காது

குரியா,
1956 மார்ச்

மகன் நோதாருக்கு வெற்றி உண்டாகட்டும். இங்கே நானும் ஆடும் கோழிகளும் சௌக்கியம், தேயிலை கொழுந்துவிட ஆரம்பித்துவிட்டது, போன மழையில் கூரை ஒழுகியதைப் பக்கத்து வீட்டு அர்கிபோ மாமா வந்து அடைத்துக் கொடுத்தார். உன் சௌக்கியம்தான் போன கடிதத்தில் சரியாக இல்லை. நீ படிப்பை முடிக்கச் செய்த, மின்சாரத்தில் பாடும் பெட்டியைப் பரீட்சைக் குழு கேட்டுவிட்டு சுரம் தப்பு என்றதாம், அதில் ஒரு சங்கீத வாத்தியார் கோளாறு பெட்டியில் இல்லை, உன் காதில்தான் என்றாராம், அடுத்த மாதம் மறுபடி கேட்கப்போகிறார்களாம், நீயோ அதற்குள் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு லெனின்கிராதிலேயே மின்மீட்டர் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடப் போகிறாயாம். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வயிற்றில் பிறந்தவனுக்குக் காதில் கோளாறா?

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. பேச்சு வருவதற்கு முன்பே உனக்குப் பாட்டு வந்தது. சோளக்காட்டில் களை கொத்தும்போது உன் அப்பா நடுக்குரலில் எடுத்துக் கொடுப்பார், அர்கிபோ மேலே ஏறுவார், நான் கீழே பிடித்துக்கொள்வேன், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நம் பாட்டு, நீ மண்ணை அளைந்துகொண்டே அப்பாவின் சுரத்தோடு ஒட்டிக்கொள்வாய். யுத்தத்துக்குப் போன மனிதர் கெர்ச் மண்ணிலேயே தங்கிவிட்டார். அதன்பிறகு நம் வீட்டில் பாட்டே இல்லை, எடுத்துக் கொடுக்க நடுக்குரல் இல்லாமல் எதைத் தொடங்குவது? பதினாலு வயதில் நீ பழைய ரேடியோ சாமான்களை வைத்து ஒரு பெட்டி கட்டினாய், அதில் செய்தி வரவில்லை, ஊளைதான் வந்தது, கையைக் கிட்டே கொண்டுபோனால் ஊளை ஏறும், எடுத்தால் இறங்கும். உள்ளே நரியைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறாயா என்று அர்கிபோ கேலி செய்தார். புத்தாண்டு விருந்தில் அவரும் நானும் சும்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது நீ கையை அசைத்து அசைத்து அந்த ஊளையை எங்கள் இரண்டு குரலுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாய். மேசையில் ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன், அது உன் அப்பா நின்ற இடம்.

மறு வருஷம் குத்தைசி இசைப்பள்ளிக்கு உன்னைக் கூட்டிப் போனேன். பியானோ என்ற சாமானை நீயும் நானும் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தோம். அங்கே ஒரு அம்மாள் முதல் சுரத்தை மட்டும் தட்டிக் காட்டி மேலே ஏறிப் பாடச் சொன்னாள், மூன்றாவது சுரத்திலேயே கையைக் காட்டி நிறுத்தி, காது போதாது என்று அனுப்பிவிட்டாள். நீ தொழிற்பள்ளியில் மின்சாரம் படித்தாய், லெனின்கிராத் வரை போனாய், எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் அந்த அம்மாளின் பேச்சை எதற்கு அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போனாய் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நேரே சியாலாவிடம் போனேன். திபிலிசியில் படித்துவிட்டு நம் ஊர்ப் பள்ளிக்குப் பாட்டுச் சொல்லித்தர வந்திருக்கிற பெண், நல்ல பெண், கொஞ்சம் ஒல்லி. அவள் பியானோ மாதிரியே கட்டை வைத்த அக்கார்டியன் பெட்டியை எடுத்துவந்தாள், அர்கிபோவை நடுக்குரல் பாடச் சொல்லிவிட்டு அவளும் கூடவே வாசித்தாள். மூன்றாவது சுரத்தில் இரண்டும் முட்டிக்கொண்டன. “ஏம்மா, உன் பெட்டிக்குச் சளி கிளி பிடிச்சிருக்கா?” என்றார் மாமா. அவள் ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தாள், பக்கத்துக் கட்டையையும் அமுக்கிப் பார்த்தாள், பிறகு என்னிடம் திரும்பி, “நீங்க பாடுற சுரம் இந்தக் கட்டையிலயும் இல்ல, அந்தக் கட்டையிலயும் இல்லம்மா. ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. உங்க பையன் அதத்தான் அப்படியே பெட்டியில வெச்சிருக்கான். அவன் காதுல ஒரு குறையும் இல்ல” என்றாள்.

கேட்டுக்கொண்டாயா? உன் தப்பு ஒன்றே ஒன்றுதான். உலகம் முழுக்க நம்மைப்போலத்தான் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டு சுரத்தை வைத்துவிட்டாய், வாயைத் திறந்து அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. குரியாக்காரன் எவனும் செய்யக்கூடிய தப்பு. பியானோ சுரமும் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு திருகு வைத்துக் கொடு, இன்னொன்றையும் கற்றுக்கொள்வதில் கேவலம் இல்லை. நம் சுரத்தை மட்டும் அழித்துவிடாதே. அது உன் அப்பாவின் தொண்டையிலிருந்து வந்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அந்த ஊர் வெயிலை நம்பிக் கோட்டைக் கழற்றாதே, நீ நூறு வயதுவரை நிமிர்ந்து நட. பெட்டியைப் பிரித்திருந்தால் உடனே மறுபடி சேர்த்துப் பூட்டி வை. சியாலா தன் திபிலிசி ஆசிரியர் மூலமாக உங்கள் குழுவுக்கு எழுதிக் கேட்டு, வரலாம் என்று தந்தியும் வந்துவிட்டது. பரீட்சைக்கு முதல் நாள் அர்கிபோவும் நானும் ரயிலில் வந்து இறங்குவோம், அவர்களுக்கு முன்னால் அவர் மேலே பாடுவார், நான் கீழே பிடிப்பேன். நடுக்குரலுக்கு நான் வருகிறேன், இல்லை நான்தான் வருவேன் என்று இங்கே இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். வேண்டாம், அதற்கு அங்கே பெட்டிக்குள் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
மக்வாலா