நமக்குக் கால் விறைக்கிறது

கண்டக்குழி
2013 பெப்ரவரி 11

மதிப்புக்குரிய டொக்டர் தனஞ்சயன் அவர்களுக்கு,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று எங்கள் முறைப்படி எழுதுகிறேன். நீங்கள் அதை வணக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் நெய்னாருடைய மனைவி ஹவ்வா. போன மாதம் புத்தளத்தில் உங்கள் அறைக்கு முப்பத்தேழாம் நம்பரில் வந்தவர்கள் நாங்கள். உங்களுக்கு நினைவிருக்காது. நீங்கள் எங்களைப் பார்க்கவில்லை.

உங்களைப் பற்றி ஒரு குறை சொல்ல இருக்கிறது. பக்கத்து வீட்டு அனஸ்தாசியா அக்கா மூன்று நாளாக, "டொக்டர் எப்பிடி, சொல்லுமன்" என்று கேட்கிறா. நான் வாய் திறக்கவில்லை. ஒருவர் இல்லாத இடத்தில் அவர் குறையைச் சொன்னால் அது புறம், பெரிய பாவம். அவரிடமே சொன்னால் நல்லுபதேசம். ஆகவே உங்களிடமே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கருவாடு காயப்போடும் இடத்தில் ஆணி ஏறிக் காலில் புண். ஒரு மாதமாக ஆறவில்லை, விரல்களும் விறைக்கின்றன. டொக்டர்மாருக்கு முன்னால் அவருக்குக் கதை வராது. அதனால் நான் நோயாளியின் கதிரையில் உட்கார்ந்து வருத்தத்தைச் சொன்னேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றார். நீங்கள் தலை நிமிராமல் எழுதினீர்கள். என் கையிலிருந்த தஸ்பீஹ் மாலையில் பதினெட்டு மணி உருள்வதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டீர்கள். நான் எதற்கும் கொப்பி வைத்து எழுதுகிறவள். பதினெட்டு என்பது சரியான கணக்கு.

இரத்தம் எடுக்கிற இடத்தில் பார்த்தால் நீங்கள் எழுதித் தந்த துண்டில் என் பெயர் இருந்தது. இருபத்தாறு வருடமாக ஒரே சட்டிச் சோறு தின்கிறோம், ஒருவருடைய இரத்தமே போதும் என்று டொக்டர் நினைத்திருப்பார் என்று நான் கையை நீட்டினேன். படித்தவர்கள் செய்வதற்குக் காரணம் இருக்கும் அல்லவா? அடுத்த முறை வந்தபோது, "சீனி இல்ல, விற்றமின் குடிங்க" என்றீர்கள். அதற்குத் தஸ்பீஹில் பதினொரு மணிதான் உருண்டது.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். இங்கிலீஸ் எழுத்துகளைப் பால்மாப் பெட்டியிலும் மருந்துப் பெட்டியிலும் படித்தேன். போன வாரம் அந்த ரிப்போட்டை எழுத்துக் கூட்டிப் பார்த்தால் பெண், வயது நாற்பத்தெட்டு என்று இருக்கிறது. அப்படியென்றால் சீனி இல்லாதது எனக்கு.

இதைச் சொன்னால் அவர் கேட்கிறாரில்லை. ரிப்போட்டைக் காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். "சீனி இல்லண்டு டொக்டரே எழுதித் தந்தீக்காரு. நீ என்ன டொக்டரா புள்ள?" என்று கேட்டுக்கொண்டு கருப்பட்டி போட்ட வட்டிலப்பம் தின்கிறார். அவருடைய பெருவிரல் கறுத்து வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் எழுத்தை மட்டும்தான் அவர் நம்புகிறார். அது அவருடைய இரத்தம் இல்லை என்று நீங்களே ஒரு வரி எழுதித் தாருங்கள்.

துஆவுடன்,
ஹவ்வா

*

புத்தளம்
18.02.2013

அம்மா,

கடிதம் கிடைத்தது. ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல் பார்க்கிறேன். என் குறிப்பில் ஹவ்வா, 48, கால் விறைப்பு, ஆறாத புண் என்று இருக்கிறது. கதிரையில் இருந்தது நீங்கள். "நமக்குக் கால் விறைக்குது" என்று சொன்னதும் நீங்கள். இதில் என் பிழை என்ன? உங்கள் கணவர் தன் பெயரில் நம்பர் எடுத்து வரட்டும்.

டொக்டர் வி. தனஞ்சயன்

*

கண்டக்குழி
2013 பெப்ரவரி 21

மதிப்புக்குரிய டொக்டருக்கு,

சாந்தி உண்டாகட்டும். பதில் எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன "நமக்கு" உண்மைதான். கட்டிய நாளிலிருந்து நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை, எழுதுவேன், சொல்லமாட்டேன். அவருக்குக் காய்ச்சல் என்றாலும் நமக்குக் காய்ச்சல் என்றுதான் வரும். அதை என் பிழையாகக் கொப்பியில் எழுதிவிட்டேன். குடையோடு சும்மா நின்றதை அவர் பிழையாக எழுதினேன்.

இனி உங்கள் பக்கம். கால் என்னுடையது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காலையாவது பார்த்தீர்களா? மேசைக்குக் கீழே என்னிடம் இரண்டு கால் இருந்தன. இரண்டிலும் புண் இல்லை. குனிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அவர் நம்பர் எடுக்க வரமாட்டார். வருத்தமே இல்லாதவன் ஏன் டொக்டரிடம் போகவேண்டும் என்கிறார். நேற்றிரவு விரலிலிருந்து வாடை வந்தது. இனித் தபாலை நம்பியிருக்க முடியாது. ஆகவே இந்தக் கடிதத்தைக் கருவாட்டு லொறி ஓட்டும் ஜபார் நானாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலை வாங்காமல் திரும்பவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வாசலில் அவர் லொறியோடு நிற்பார். லொறியில் கருவாடு ஏற்றியிருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இன்றும் பதில் இல்லையென்றால் இரண்டு கடிதத்தின் பிரதியையும் சுகாதாரப் பெரியவர்களுக்கு அனுப்புவேன். அநியாயத்துக்கு ஆளானவர் முறையிட்டால் அது புறத்தில் சேராதாம். உங்கள் பெயரைச் சொல்லாமல் மௌலவியிடம் கேட்டுக்கொண்டேன்.

துஆவுடன்,
ஹவ்வா

*

புத்தளம்
21.02.2013, காலை 10.40

திரு. நெய்னார் அவர்களுக்கு,

உங்கள் அலுமாரியில் இருக்கும் ரிப்போட் உங்கள் மனைவியுடைய இரத்தம். உங்கள் இரத்தத்தை நான் பார்க்கவில்லை. உங்கள் காலையும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும், பிழை என்னுடையது. உங்களுக்குச் சீனி இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை.

இத்துடன் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். லொறி வந்து சேர்ந்ததும் அதிலேயே ஏறி இன்றைக்கே போங்கள். வட்டிலப்பத்தை நிறுத்துங்கள்.

டொக்டர் வி. தனஞ்சயன்

பி.கு: அம்மா, லொறியை அனுப்பிவிட்டேன். நோயாளிகள் ஏற்கனவே போய்விட்டார்கள்.

*

கண்டக்குழி
2013 மார்ச் 24

மதிப்புக்குரிய டொக்டருக்கு,

சாந்தி உண்டாகட்டும். உங்கள் எழுத்தைக் கண்டதும் அவர் குடையை எடுத்துக்கொண்டு லொறியில் ஏறினார். சீனி முந்நூற்றுப் பன்னிரண்டு. பதினாறு நாள் வார்ட்டில் வைத்து மருந்து கட்டினார்கள். விரலை எடுக்கவேண்டி வரும் என்றிருந்தார்கள், நகத்தோடு போயிற்று. அல்ஹம்துலில்லாஹ். உங்கள் ரிப்போட்டை அலுமாரியிலிருந்து எடுத்து என்னிடம் தந்து, "இது உன்ட சாமான்" என்றார்.

இனி மாதா மாதம் அந்த ஆஸ்பத்திரியில்தான் கிளினிக். உங்களிடம் நம்பர் எடுக்கமாட்டோம், கோபத்தில் இல்லை. அனஸ்தாசியா அக்கா மறுபடியும் உங்களைப் பற்றிக் கேட்டா. பிழையைத் தன் கையால் எழுதித் தந்த டொக்டர் என்று சொன்னேன். நல்லதைச் சொல்வது புறமில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லவேண்டும். கிளினிக்கில் ஒரு சின்ன வயது டொக்டர் பிள்ளை. இந்த முறை என் வீட்டுக்காரரைக் கதிரையில் இருத்திவிட்டு நான் குடையோடு கதவடியில் நின்றேன். "ஐயா, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "நமக்கு என்ன செய்யிது புள்ள?" என்றார்.

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தது. நிமிர்ந்து அவரையும் என்னையும் பார்த்தது. "ரெண்டு பேர்ல யாருக்குக் கால்?" என்று கேட்டது.

வழக்கம்போல் தஸ்பீஹ் என் கையில்தான் இருந்தது, டொக்டர். அந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்க இரண்டு மணி கூட உருளவில்லை.

துஆவுடன்,
ஹவ்வா