பன்னிரண்டாவது தகரம்

ஜூன் 7, 1982. திங்கள்.

மூடுபனி. எதிர்வீட்டைக் காணவில்லை. காலை ஐந்தரைக்கு ஓட ஆரம்பித்தேன். தபால் ஆபீஸ் வாசலிலிருந்து ஊர் எல்லைக்கல் வரை, அரை மைல். திரும்பி வந்தது நடந்து. வயது நாற்பத்து நான்கு.

காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நானே நம்பமாட்டேன். எல்லைக்கல்லை ஒட்டிய மருந்தகத்தில் பிரசவ அறைக்குக் கூரை இல்லை. சித்திரைக் காற்று கொண்டுபோய்விட்டது. மனு போயிருக்கிறது. கூரை போன திசையிலேயே போயிருக்கும். மழைக்குள் கூரை வராவிட்டால், வலி கண்டவளை டோலி கட்டி அடிவாரம் வரை தூக்க வேண்டும். போன வருஷம் சின்னான் மனைவி ராணியைத் தூக்கினார்கள். பாதி வழியில் குழந்தை போய்விட்டது. இப்போது அவளுக்கு மறுபடி ஐந்து மாதம்.

கலசப்பாக்கத்தில் ஓர் அரிசி மில்காரருக்கு எழுதினேன். தகரம் தருகிறார். ஆனால் சும்மா தந்தால் அருமை தெரியாதாம். எட்டு மைல் தர்ம ஓட்டம் வைக்க வேண்டும். காலை பத்து மணிக்குள் முடிவுக் கோட்டைத் தாண்டுகிற ஆளுக்கு ஒரு தகரம். அறைக்குத் தேவை பன்னிரண்டு. ஊரில் சேர்ந்தவர்கள் பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள், கடிதம் எழுதிய போஸ்ட் மாஸ்டர்.

பனிக்குள்ளிருந்து ஆடு மேய்க்கும் காளியம்மா குரல்: "யார் வூட்ல சாவு, சார்?"

இந்த மலையில் சாவுச் சேதி கொண்டுபோகிறவன்தான் ஓடுவான். மற்றதெல்லாம் நடந்து போனாலே போய்ச் சேரும்.

"சாவு இல்லம்மா. சும்மா ஓடறேன்."

"சும்மாவா?" என்று ஆட்டைப் பார்த்தாள். ஆடு என்னைப் பார்த்தது.

ஜூன் 19, சனி.

வலது முழங்கால்: வலி. இடது: அதைப் பார்த்துப் பொறாமை. கான்வாஸ் ஷூவில் கால் கட்டைவிரலுக்கு ஜன்னல். காளியம்மா இன்றும் கேட்டாள். இன்றும் யாரும் சாகவில்லை என்றேன். நம்பிக்கை இழந்துகொண்டிருக்கிறாள்.

சொந்த ஊரிலிருந்து மனைவி கடிதம்: "ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். யாரிடமிருந்து?"

ஜூலை 15, வியாழன்.

சந்தைக்கு இறங்கினோம். ஓட்டக்காரர்கள் பதினொரு பேர், தலையில் புளி மூட்டை. நான், குடை. ஏறி வரும்போது அவர்கள் மூட்டையோடு போனார்கள். நான் குடையோடு பின்தங்கினேன். முக்கால் மணி கழித்து எல்லைக்கல்லுக்கு வந்தால் பதினொரு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தரும் மரியாதை என்று நினைத்துக் கூச்சப்பட்டேன். இல்லையாம். யாராக இருந்தாலும் அப்படித்தானாம்.

சின்னான்: "ஒண்ணா போனா ஒண்ணா தான் ஊருக்குள்ள பூரணும். பின்னால வர்றவன வுட்டுட்டு வந்தா அவன காடு எடுத்துக்கும்."

"காடு என்னை எடுத்து என்ன செய்யும்?"

யோசித்தான். "அது இன்னமோ மெய்தான் சார்."

ஆகஸ்ட் 20, வெள்ளி.

நாலு மைல், நிற்காமல். எப்படி என்று தெரியவில்லை. சாமைக் காட்டு ஓரம் வரை நினைவிருக்கிறது. அப்புறம் பனி, என் மூச்சு, யாரோ பக்கத்தில் ஓடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, என் காலடிதான். எதிர்மலையில் காவலூர்த் தொலைநோக்கிக் கூடத்தின் வெள்ளை மண்டபம், பனிமேல் யாரோ வைத்துவிட்டு மறந்துபோன முட்டை மாதிரி. அங்கே இரவெல்லாம் நட்சத்திரம் பார்த்தவர்கள் இந்நேரம் தூங்கப் போவார்கள். அவர்கள் தூக்கத்துக்குள் நான் ஓடிக்கொண்டிருக்கிறேனோ என்று ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் அதைத் தீர்த்துவைத்தது.

ஸ்டாம்பு இருப்பு குறைவு. எழுதிப் போட வேண்டும்.

செப்டம்பர் 25, சனி.

மாலை, தகரத்தோடு லாரி வந்தது. எல்லைக்கல்லுக்கு அப்பால் பாதை குறுகல். மருந்தக வாசலிலேயே நின்றுவிட்டது. மில்காரர் மட்டும் ஊருக்குள் நடந்து வந்து, தபால் ஆபீஸ் எதிரே சுண்ணாம்பில் கோடு போடவைத்து, பந்தல், மைக் செட், ரோஜா மாலை எல்லாம் சரிபார்த்தார். விதிகளை இரண்டு முறை வாசித்தார். பத்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் தகரம் லாரியோடு திரும்பும்.

கூட்டத்தில் ஒரு குரல்: "பத்து மணின்னா வெயில் எங்க கீது?"

ராணி வந்து பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் கை.

செப்டம்பர் 26, ஞாயிறு.

எட்டு மணிக்கு விசில். ஐந்து நிமிஷத்தில் மற்றவர்கள் மரங்களுக்குள் கரைந்துபோனார்கள். நான் என் வேகத்தில்.

ஐந்தாவது மைலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பாறை மேல் உட்கார்ந்தேன். மனசுக்குள் ஒரு கணக்கு: பதினொரு பேர், பதினொரு தகரம். என்னால் நட்டம் ஒன்றுதான். ஒரு தகரத்தை எப்படியும் தேடிக்கொள்ளலாம். இந்த முடிவுக்கு வந்ததும் பெரிய நிம்மதி. பனி பாறையைச் சுற்றி மெல்ல வந்து முழங்கால் வரை மூடியது. கால்களே இல்லாத மனிதனுக்குக் கால் வலி இல்லை. கண்ணை மூடினேன். நாலு மாதத்தில் முதல்முறையாக ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

"இன்னா சார், இங்க குந்தினு கீற?" காளியம்மா. ஊர்ப் பக்கமிருந்து வருகிறாள். "அங்க பதினோரு பேரும் உனக்கோசரம் எல்லைக்கல்லாண்ட நிக்கறாங்க. ஒருத்தனும் உள்ள பூரல."

கைக்கடிகாரம் ஒன்பது முப்பத்தைந்து.

"போகச் சொல்லும்மா! என்னை விட்டுவிட்டுப் போகச் சொல்லு!"

"சொன்னா கேப்பாங்களா? நீ எந்திரி."

எழுந்து ஓடினேன். அந்த மூன்று மைலை எழுத முடியாது. கால் வலித்ததா என்று இப்போது கேட்டாலும் தெரியவில்லை. பனி கிழிந்து கிழிந்து வழி விட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லைக்கல் தெரிந்தது. கிட்டப் போனதும் வேறு கல்லாகிவிட்டது. கடைசியில் உண்மையான கல் வந்தபோது மணி பத்து பதினெட்டு.

கல்லருகே யாருமில்லை. மேலே சத்தம்.

பதினொரு பேரும் பிரசவ அறைக் கூரை மேல் இருந்தார்கள். பதினொரு தகரம் ஏறியிருந்தது. மருந்தக நர்ஸம்மா ஏணியில் நின்று ஆணி டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தார். லாரி டிரைவர் சீட்டில் உறக்கம். அரை மைல் தள்ளி, ஊருக்குள், மைக் செட் பாட்டு. சுத்தியல் சத்தம் அதைத் தாண்டிப் போயிருக்காது.

சின்னான் மேலிருந்து: "நீ வர்ற வரைக்கும் சும்மா குந்தினு இன்னா பண்றது? உன்னுது மட்டும் பாக்கி சார். அவனவன் தகரத்த அவனவன் தான் போடணும்."

பன்னிரண்டாவது தகரம் சுவரில் சாய்ந்திருந்தது. போட நேரமில்லை, மில்காரர் தேடி வந்துவிடுவார். இறங்கி, எல்லாரும் ஒன்றாக ஓடி, ஒன்றாகக் கோட்டைத் தாண்டினோம்.

மில்காரர் கையில் மாலையோடு நின்றார். "பத்து இருபத்தஞ்சு. ஒருத்தர்கூட நேரத்துக்கு வரலை. விதின்னா விதி. லாரியத் திருப்பு."

பின்னாலேயே டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "லாரில தகரம் இல்லீங்க."

மில்காரர் நடந்துபோய்ப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கூரைக்குக் கீழே வந்து நின்ற ராணியைப் பார்த்தார். ரொம்ப நேரம். அப்புறம் என்னை.

"அடிச்சத பேத்தெடுக்கறது பாவம். அடிக்காதது என்னுது."

பன்னிரண்டாவது தகரம் லாரி ஏறியது. மாலையை லாரி முகப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விதியும் பிழைத்தது, அவரும் பிழைத்தார்.

செப்டம்பர் 27, திங்கள்.

உடம்பு முழுக்க வேறொருவருடையது. சாயங்காலம் பிரசவ அறைக்குப் போய்க் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். என் தகரத்தின் இடம் நேராகக் கட்டில் தலைமாட்டுக்கு மேலே. ஒரு நீள்சதுர வானம். மேகம் ஒன்று ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் போயிற்று. பாறை மேல் உட்கார்ந்திருந்த நேரத்தின் அளவு அதுதான் போலிருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 29, புதன்.

கிழிந்த மெயில் பைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்து, மெழுகு தேய்த்து, கூரை மேல் ஏறி நானே கட்டினேன். சின்னான் ஏணியைப் பிடித்துக்கொண்டான். பதிவேட்டில் பைகளுக்கு நேரே: "பழுது." பொய்யில்லை.

"தாங்குமா சார்?"

"இத்தனை நாள் ஊர்க் கடிதமெல்லாம் தாங்கியது."

அக்டோபர் 7, வியாழன்.

பகலில் மழை. சந்தை நாள். சின்னானைத் தவிர ஆண்கள் எல்லாரும் கீழே. ராணிக்கு வலி. நர்ஸம்மா தடுப்பூசி போட அடுத்த ஊருக்குப் போயிருந்தார், மூன்று மைல். சின்னான் கையை ராணி விடவில்லை. ஊரில் மீதி இருந்த ஓட்டக்காரன் ஒருவன்தான்.

எல்லாம் முடிந்தபின் எழுதுகிறேன். பெண். நாலேகாலுக்கு. நல்ல குரல். மெயில் பை ஒழுகவில்லை. மூன்றாவது தகரத்தில்தான் ஓர் ஆணித்துளை ஒழுகிற்று. ஸ்டாம்பு வந்துவிட்டது.

போகும்போது சாமைக் காட்டுத் திருப்பத்தில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு காளியம்மா.

"யார் வூட்ல சாவு, சார்?"

நின்று, மூச்சு வாங்கி, சொன்னேன். "சாவு இல்லம்மா. ராணிக்கு வலி. நர்ஸம்மாவக் கூப்பிடப் போறேன்."

"அப்ப இன்னா நின்னு பேசினு கீற? ஓடு!"