ஏலக்காய்ச் சாக்கில் ஒரு பீர் பாட்டில்

மாப்ளே,

மேசை மேல் ஒரு பீர் பாட்டில் இருக்கிறது. வெளிநாடு போய்வந்த அலுவலக நண்பர் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தது. எங்கோ ஒரு சின்ன ஊரில், சின்ன ஆலையில், கொஞ்சமாகக் காய்ச்சி நிறையப் பெருமையடித்து விற்கிற வகை. வகை ஆம்பர் லேகர் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே பச்சை மையில் ஏலக்காய்ப் படம். ஏலக்காய் மணம் கொண்டதாம். அதற்காகவே ஏதோ பரிசு வாங்கியதாக ஒரு முத்திரை வேறு.

பார்த்ததும் எனக்கு வந்த எரிச்சலை உன்னிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது? "ஒரு பாட்டிலப் பாத்து யாராவது பல்லக் கடிப்பாகளா?" என்கிறாள் என் மனைவி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இது நம் இரண்டு பேருக்குள் நடந்த வழக்கு. அதில் ஒரு கட்சிக்காரன் தீர்ப்பு வருவதற்குள் எழுந்து போய்விட்டான். இப்போது நான் மட்டும் கோர்ட்டில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

நீ ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை. மதுரையில் நாம் விடுதியில் சேர்ந்த வருடம், தொண்ணூற்றாறோ ஏழோ, "எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாக" என்றாய். ஊரில் இருக்கிற அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்டதற்கு, "அவுகளுக்குத் தெரியாட்டி என்னடா, எனக்குத் தெரியும்ல" என்றாய். அதற்குமேல் யாரும் உன்னை வற்புறுத்தவில்லை. ஆனால் நாங்கள் எங்கே உட்கார்ந்தாலும் கூடவே வந்து உட்கார்ந்தாய். வறுத்த கடலையில் பாதியைத் தின்று தீர்த்தாய். அதோடு விட்டாயா? மார்க் போட்டாய்.

எதற்குத்தான் நீ மார்க் போடவில்லை! விடுதிச் சாம்பாருக்கு, ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ்ஸைத் திருப்புகிற டிரைவருக்கு, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பயான் பேசுகிற அஜரத்தின் தொண்டைக்கு. பீருக்கும் போட்டாய். கிளாஸைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பாய். ஏலக்காய் வாங்கி விற்கிற வீட்டுப் பிள்ளை. கையில் எதை எடுத்தாலும் முதலில் நிறம், அப்புறம் மூக்கு.

"கலர் ஆறு. நுரை அஞ்சு. வாசம் நாலு, நனஞ்ச கோணிச் சாக்கு மாதிரி அடிக்கிது. ருசி ஆப்சென்ட்."

"ஆப்சென்ட்னா ஃபெயில்தானடா?"

"பரிச்சைக்கு வராதது நானு. பீரு என்ன பாவம் பண்ணுச்சு?"

படிப்பு முடிந்து நீ உத்தமபாளையத்துக்குப் போய் அத்தாவின் கடையில் உட்கார்ந்தாய். கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி ஏலக்காய் ஏலத்துக்குப் போவதும், சரக்கோடு இறங்குவதுமாக இருந்தாய். நான் கெமிஸ்ட்ரியைச் சுமந்துகொண்டு பெங்களூரில் ஒரு பீர் ஆலையில் சேர்ந்தேன். மார்க்கையன்கோட்டையில் என் வீட்டில் இன்றுவரை அது கூல்டிரிங்ஸ் கம்பெனி. உன் வாய்தான் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியது. "உங்க மகன் கலர் கம்பெனில பெரிய ஆளு ஆத்தா" என்று என் அம்மாவிடம் நீ முகம் மாறாமல் சொன்னதற்கு நான் பத்துக்குப் பத்து போட்டேன்.

அந்த ஆலையில் என் வேலை என்ன என்று உனக்கு நன்றாகத் தெரியும். வருடம் முழுவதும் ஒரே பீர். நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது. மாறியிருந்தால் குற்றம். பல வருடம் பார்த்தேன். நானாக ஒன்றைக் காய்ச்ச வேண்டும், அதைக் குடித்துவிட்டு ஒருத்தன் "யார் போட்டது?" என்று கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை உன் ஒருவனிடம்தான் சொன்னேன். பீரே குடிக்காதவனிடம்!

அப்புறம்தான் அந்த வாய்ப்பு வந்தது. பெங்களூரில் ஒருவர், கடையிலேயே பீர் காய்ச்சிக் கொடுக்கிற இடம் ஒன்றைத் திறக்கப்போகிறார். என்னையும் இன்னொருவரையும் ஆளுக்கு ஒரு சின்னப் பாத்திரம் ஆம்பர் லேகர் போட்டுக் காட்டச் சொன்னார். எது நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை. ஆம்பர் லேகருக்கு வறுத்த மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்தி வறுத்த பார்லி வேண்டும். கருப்பட்டிப் பாகின் நிறமும் லேசான கருகல் இனிப்பும் அதிலிருந்துதான் வரும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வறுத்த மால்ட் வரவில்லை. சாதா மால்ட்டை நானே வறுத்துக்கொள்ளலாம் என்றால், பெங்களூரில் காப்பிக்கொட்டை வறுக்கிறவர்கள் யாரும் தங்கள் டிரம்மைத் தர மாட்டேன் என்றார்கள். உனக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"இங்கன வாடா. கம்பத்துல நம்ம சிநேகிதரு ஒருத்தரு காப்பி மிசின் வச்சிருக்காரு. என்னமும் வறுத்துக் குடுப்பாரு."

மால்ட் மூட்டையோடு வந்தேன். மீட்டர்கேஜ் ரயில் ஓடிய கடைசிக் காலம். மதுரையில் ஏறி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூச்சு வாங்கி அது தேனி வந்து சேர்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. தேனியிலிருந்து பஸ் பிடித்துக் கம்பம். மால்ட்டில் காப்பி வாசனை ஏறிவிடுமே என்ற பயத்தில் அந்த மிசின்காரரை நான் படுத்திய பாடு உனக்கு நினைவிருக்கும். முதலில் டிரம்மில் அரிசியைப் போட்டு வறுத்துக் கொட்டச் சொன்னேன். மறுபடியும் ஒரு தடவை. "அண்ணே, இதுக்கு மேல கழுவுனா மிசினே கரைஞ்சிரும்ணே" என்றார் அவர். நீ ஓரமாக நின்று அவருடைய பொறுமைக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தாய்.

வறுத்த மால்ட்டை உடனே காய்ச்சக் கூடாது. காரம் அடங்க ஓரிரண்டு வாரம் ஆற வேண்டும். ஈரம் படாத, வெயில் படாத, குளிர்ச்சியான இடம் வேண்டும் என்றேன். "நம்ம குடோன விட்டா எது?" என்று உத்தமபாளையத்துக்குக் கூட்டிப்போனாய். கூரை வரைக்கும் ஏலக்காய் மூட்டை. நடுவில் என் மால்ட்டுக்கு இடம் ஒதுக்கினாய். நான் கொண்டுவந்த சாக்கு கிழிந்திருக்கிறது என்று, ஏலக்காய் போட்டு எடுத்த சாக்கு ஒன்றை உதறி, அதில் கொட்டிக் கட்டினாய்.

நான் கேட்டேன். கேட்கவில்லை என்று மட்டும் நீ சொல்லிவிட முடியாது.

"ஏன்டா, வாசன ஏறிராது?"

"என்ன வாசன? இங்கன என்ன வாசன இருக்கு?"

நீ மூக்கை உறிஞ்சிப் பார்த்தாய். நானும் உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து மெட்டிலிருந்து இறங்கும் ஜீப்பிலும், பஸ் ஸ்டாண்டிலும், பக்கத்து இருக்கைக்காரரின் வேட்டியிலும் அதையே முகர்ந்து வளர்ந்த இரண்டு மூக்குகள். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அங்கே சோதனை நடத்தினோம். தலைவாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

பீர் நன்றாக வந்தது. லேகரைக் குளிரில் வாரக்கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அத்தனை வாரமும் நான் தூங்கியது குறைவு. சில பாட்டில்களை முதலில் உன்னிடம்தான் கொண்டுவந்தேன். கடையின் பின்கட்டில், யாரும் வராத நேரம் பார்த்துக் கிளாஸில் ஊற்றினேன். சன்னல் வெயிலில் பிடித்தாய். கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"கலர் ஒம்பது."

"டேய்!"

"இருடா. நுரை எட்டு. வாசம்..." மூக்கைக் கிளாஸுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். "வாசமும் ஒம்பது. ருசி ஆப்சென்ட். ஆனா ஒன்னு சொல்றேன், பரிச்ச எழுதணும்னு ஆச வந்தது இன்னிக்குத்தான்."

அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போனேன். அங்கே கடை திறக்கப்போகிறவர் கிளாஸை எடுத்தார். வாய்க்குக் கொண்டு போகும் முன்பே நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். இருவரும் சிரித்தார்கள். "பாயசம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஏலக்காய், ஏலக்காய் என்றார்கள். நான் முகர்ந்தேன். எனக்கு மால்ட்தான் மணத்தது. எல்லோருக்கும் தெரிகிற ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல், அந்த மேசை முன்னால் நான் முழித்துக்கொண்டு நின்றேன். வேலை இன்னொருவருக்குப் போயிற்று. நான் பழைய ஆலைக்கே திரும்பினேன்.

தோற்றதுகூடப் பொறுக்கலாம் மாப்ளே. போன் பண்ணினால் நீ என்ன சொன்னாய்?

"ஏலக்காயா? எந்தப் பய சொன்னான்? வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து ஏலக்கா யாவாரம் பாக்குறேன். நான் சொல்றேன், அதுல ஏலக்காய் இல்ல."

உலகத்தில் வேறு யார் சொல்லியிருந்தாலும் எதிர்த்துப் பேசியிருப்பேன். ஏலக்காய் வியாபாரியிடம் ஏலக்காயைப் பற்றி எப்படி வாதாடுவது? உன் குடோன்தான் காரணம் என்றேன். நிரூபி என்றாய். அங்கே இரண்டு பேர் சொன்னார்கள் என்றேன். "அவுக மோந்தாக. நீ மோந்தியா? ஒனக்கு அடிச்சுதா?" என்றாய். எனக்கு அடிக்கவில்லையே! பெருநாளுக்குப் பிரியாணி சாப்பிட வந்தாலும் இதே பேச்சு. என் தங்கை கல்யாணப் பந்தியிலும் இதே பேச்சு. பாயசத்தை நீட்டி, "இதுல இருக்கு பாரு ஏலக்காய். இது ஏலக்காய்" என்றாய். பந்தியே சிரித்தது. ஒரே ஒரு தடவை, விளையாட்டுக்காவது, "ஆமாடா, இருந்திருக்கலாம்" என்று நீ சொல்லியிருந்தால் உன் சொத்தா போயிருக்கும்?

அப்புறம் ஒருநாள் ஏலத்தில், சாம்பிளைக் கையில் வைத்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். செய்தி வந்த நிமிடமே கிளம்பினேன். பெங்களூரிலிருந்து உத்தமபாளையம் என்ன பக்கத்திலா இருக்கிறது? நான் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தாமதிக்காமல் அடக்கம் செய்கிற உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் என்னைக் காக்க வைத்தவன், அன்றைக்கு ஒருநாள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

உன் வீட்டில் தங்கச்சி, நீ கட்டியவள், இத்தாவில் இருந்தாள்; வெளி ஆண்கள் முன்னால் வராத துக்க நாட்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் மட்டும் வந்தது. "அண்ணே, குடோன்ல ஒங்க சாமான் ஒன்னு இருக்கு. ஒங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக." உன் தம்பி சாவியோடு வந்தான்.

குடோன் கதவைத் திறந்தான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மணத்தது மாப்ளே. ஏலக்காய். மூக்கில் அறைந்தது. தொண்டை வரைக்கும் இறங்கியது. இத்தனை வருடம் வெளியூரில் இருந்த மூக்கு அன்றைக்குத்தான் விழித்தது போல. அந்த பெங்களூர்க்காரர்கள் சொன்னது சரிதான் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி, "பாத்தியாடா!" என்று கத்த வாயைத் திறந்தேன். பின்னால் உன் தம்பிதான் நின்றான்.

"என்னண்ணே, நின்னுட்டீங்க?"

"வாசன..."

அவன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "என்ன வாசனண்ணே?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. அந்த ஊரில் எனக்கு மட்டும் அது மணக்கிறது என்றால், நான் அந்த ஊர்க்காரன் இல்லாமல் போய்விட்டேன் என்றுதானே அர்த்தம்? அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் நீ இல்லை.

அவன் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டு, துணி சுற்றிய ஒன்றை எடுத்தான். அந்த ஆம்பர் லேகர். நான் கொண்டுவந்ததில் ஒன்றை எனக்கே தெரியாமல் எடுத்து வைத்திருந்திருக்கிறாய். "சாட்சி, கெடக்கட்டும்னு சொன்னாகண்ணே. யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு இதுக்குள்ள வச்சாக" என்றான். பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடையில் பீர் பாட்டிலை வேறு எங்கேதான் வைப்பாய்? அதற்காக, அட முட்டாளே, ஏலக்காய் இல்லை என்று நிரூபிக்க வைத்திருந்த பாட்டிலை ஏலக்காய் மூட்டைக்குள்ளேயா புதைப்பாய்!

அதுவும் இப்போது இதே மேசை மேல்தான் இருக்கிறது, பரிசு வாங்கிய பாட்டிலுக்குப் பக்கத்தில். நாம் தெரியாமல் செய்ததை அந்த வெளிநாட்டு ஆலைக்காரன் தெரிந்தே செய்து லேபிள் ஒட்டியிருக்கிறான். அவனுக்குக் கைதட்டல், எனக்குப் பாயசம் என்ற பேர். அவனுடையதைத் திறந்து குடித்தேன். கலர் ஏழு, நுரை ஆறு, வாசம் ஏழு, ருசி ஆறு. பொறாமையில் குறைத்துப் போடவில்லை. நம்முடையது நல்ல பீர்.

பிறகு உன்னுடைய பாட்டிலை எடுத்து முகர்ந்தேன். மூடியிலும் கழுத்திலும் சுற்றியிருந்த துணியிலும் இன்னும் ஏலக்காய் மிச்சமிருக்கிறது. பாட்டிலை வெந்நீரில் கழுவித் துடைத்துத் திறந்தால், எத்தனை பழசானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது என் மூக்கு சொல்லிவிடும். வழக்கு முடிந்துவிடும். நான் ஜெயித்துவிடுவேன்.

குழாயடி வரைக்கும் கொண்டுபோனேன். தண்ணீரைத் திறந்தேன். மூடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் மாப்ளே. கலர் இன்னும் ஒன்பதுதான். நுரை பார்க்க வழியில்லை. வாசம் ஏலக்காய், பீருடையதா உன்னுடையதா, தெரியாது. ருசிக்கு இந்தத் தடவை நானும் ஆப்சென்ட்.