நிழல் விழாத வெள்ளை

அன்புள்ள அத்தான்,

நீங்கள் வேலைசெய்த கப்பலிலேயே காய்ச்சலில் காலமாகி ஒரு வருடமாகப் போகிறது. நான் இப்போது சுவிசில், மலைமேல் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறேன். அகதி வழக்குக்கு இன்னும் முடிவில்லை. ஆனால் உங்களிடம் சொல்ல வந்த பயம் அதுவல்ல.

தென்துருவப் பனிக்கண்டத்துக்குச் சாமான் ஏற்றிப்போன கதையை அக்காவுக்கும் எனக்கும் சொன்னீர்களே. அங்கே ஒரு மலை முழுதாக உறைபனிக்குள் புதைந்து கிடக்கிறது, கறுத்த உச்சி மட்டும் வெளியே நிற்கிறது என்றீர்கள். கிட்ட நிற்பதுபோல் தெரியுமாம். நடந்தால் போய்க்கொண்டே இருக்குமாம். மேகம் மூடினால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. நிழலே விழாது. மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

"அந்த நேரம் ஒரு அடியும் வைக்கப்படாது. கறுப்பாய் எதையாவது முன்னுக்கு எறிஞ்சு பாக்கவேணும்" என்றீர்கள். அக்கா நம்பாமல் சிரித்தா.

போன கிழமை கேபிள் கார் நிலையத்துக்குப் போகும் பாதையில் பனி ஒதுக்க முதலாளி என்னை அனுப்பினார். திரும்பும்போது பனிமூட்டம் இறங்கியது. சப்பாத்துக்குக் கீழே தரை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

என்னோடு வேலை செய்யும் செல்வம் ஹோட்டல் பக்கமிருந்து கூப்பிட்டான். "எங்கையடா நிக்கிறாய்? என்ரை குரலைப் பிடிச்சு நேரே வா."

காலைத் தூக்கிவிட்டேன் அத்தான். அப்போதுதான் உங்கள் பேச்சு நினைவுக்கு வந்தது. கறுப்புக் கையுறையைக் கழற்றி, உள்ளே பனியைத் திணித்து முன்னே எறிந்தேன். அது தரையில் விழவில்லை. வெள்ளைக்குள் அப்படியே போய்விட்டது. "வரேலாதடா" என்று கத்தினேன்.

"அப்ப நீ நில், நான் வாறன்" என்றான் செல்வம்.

"வராதை. அசையாதை. நடுவிலை பள்ளம்."

"நான் பாதையிலைதானே நிக்கிறன்?"

"பாதையெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? அப்பிடியே இரு."

இருவரும் குந்தியிருந்தோம். நான் அவன் பெயரைக் கூப்பிட்டபடியே இருந்தேன். "ஓம், இருக்கிறன்" என்று பதில் வரும்வரை ஒவ்வொரு முறையும் விநாடிகளை எண்ணினேன்.

பிறகு காற்று வந்து மூட்டத்தை விலக்கியது. பாதை ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைந்து போயிருந்தது. நாங்களோ பாதையை விட்டு விலகி, பள்ளத்தின் இரண்டு விளிம்புகளிலும் இருந்தோம். செல்வத்தின் சப்பாத்து நுனிக்கு அப்பால் ஒன்றுமேயில்லை.

இப்போதும் மூட்டத்தில் யன்னல் வெளுத்தால் வெளியே கால் வைக்கமாட்டேன். அந்த உச்சிக்குக் கீழே நின்றபோது உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததோ? நாங்கள் பயப்படக்கூடாதென்றுதான் வேடிக்கைபோலச் சொன்னீர்களோ?

முதலாளியிடம் கம்பமும் கயிறும் கேட்டேன். பயமா என்றார். ஓம் என்றேன். சாமான் வைக்கும் கொட்டிலைத் திறந்துவிட்டார்.

நாளை விடிந்ததும் செல்வமும் நானும் விளிம்பு நெடுகக் கம்பம் நட்டுக் கயிறு கட்டப்போகிறோம். அது முடியும்வரை அந்தப் பாதையில் எவரையும் கால் வைக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களால் உயிரோடிருக்கும்
மச்சான்,
சிவா