பூங்கா இடத்தில் பிள்ளையார்

சௌபாக்கியவதி சாம்பவிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சோமேஷும் சௌக்கியமாக இருக்க வேண்டும். சௌக்கியம் என்றது உடம்பை, மனதைக் கேட்காதே. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று அம்மா போனை வாங்கி வைத்துக்கொண்டாள், அதனால் தாளில் எழுதுகிறேன், அவளே போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

நம் வீட்டுக்கு எதிரே உள்ள காலி இடம் உனக்குத் தெரியும், மனை போட்டு விற்றபோதே வரைபடத்தில் பச்சை அடித்துப் பூங்காவுக்கு என்று ஒதுக்கியது. அதில் பிள்ளையார் கோயில் கட்டப் போகிறார்கள், பின்னால் மண்டபம், ரோட்டுப் பக்கம் வரிசையாகக் கடைகள். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேர்க்கடலை போட்ட நிலமெல்லாம் வீடாகிவிட்டது, ஆளாளுக்கு வாசல் வரை சிமெண்ட் பூசிவிட்டோம், மழைத் தண்ணீர் மண்ணில் இறங்க மிச்சம் இருப்பது அந்த ஒரு இடம்தான், அதனால்தான் நம் போர்வெல்லில் சித்திரையிலும் தண்ணீர் வருகிறது. சாயங்காலம் வீட்டுச் சுவரெல்லாம் அனலாக இருக்கும்போது தெருவே அந்த வேப்ப மரத்தடியில்தான் உட்காருகிறது, முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் நடந்து பழகுவதும் அங்கேதான். நகர் சங்கத் தலைவர் விமல்ராஜிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. மனு கொடுக்கப் போன ஆபீசில், "கோயில்னு வந்துட்டா நாங்க கை வைக்க முடியாது சாமி" என்று அனுப்பிவிட்டார்கள். ஆயுசு முழுக்கக் கோயிலில் பூஜை செய்தவன், எனக்குத் தெரியாதா, பிரதிஷ்டை ஆகிவிட்டால் அப்புறம் அந்த இடத்தை ஒருவரும் தொட மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் கடைக்கு முன்னால் பிள்ளையாரைக் காவல் வைக்கிறார்கள். இதைச் சொன்னால் குருக்களே சாமி வேண்டாம் என்கிறார் என்று தெருவெல்லாம் பேச்சு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிறு சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து பேசும்போது விமல்ராஜ் சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணே ஆஸ்திரேலியாலேர்ந்து நன்கொடை அனுப்பிட்டாங்க, நீங்க ஏன் சாமி தடுக்கறீங்க" என்று கேட்டார். வெளியே வந்து பார்த்தால் பேனரில் முதல் பெயர் உன்னுடையது. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டார்களாம், நீ அனுப்பினாயாம், அப்பாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா. உங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் சோமேஷ் புல்லில் உருளும் படத்தை வாரா வாரம் அனுப்புகிறாயே, அந்தப் புல் மேல் கட்டடம் கட்ட யாராவது கேட்டால் கொடுத்திருப்பாயா. நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பாய், அது தெரிவதால்தான் ஆத்திரம் இன்னும் ஜாஸ்தியாக வருகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை பூமி பூஜை. என்னைக் கூப்பிட்டார்கள், முடியாது என்றுவிட்டேன், உன் அண்ணன் கைலாஷ் ஒத்துக்கொண்டுவிட்டான். "இதுக்குப் போகலைன்னா நாளைக்கு யாருப்பா என்னைக் கூப்பிடுவா" என்கிறான், அவன் பிழைப்பு அப்படி, அதட்ட மனம் வரவில்லை. சங்கல்பத்தில் முதலில் உன் பெயரையும் நட்சத்திரத்தையும்தான் சொல்லுவான். அப்போது நான் அந்த இடத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கடப்பாரை இறங்க வேண்டுமென்றால் என்னை எழுப்பியாக வேண்டும், எழுப்ப வருபவன் என் பிள்ளை, எழுப்பச் சொல்வது என் பெண்ணின் பெயர்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம், எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. வெள்ளிக்கிழமைக்குள் அந்த குரூப்பில் உன் பெயரை எடுக்கச் சொல்லி நீயே எழுது, உனக்குப் பதிலாக அம்மாவை எழுத வைக்காதே.

உன் அப்பா,
சோமசேகரன்
திருவண்ணாமலை