பின்சுவரில் ஒரு கதவு

நெல்லிக்கரணை,
செங்கல்பட்டு மாவட்டம்.
நவம்பர் 12

அன்புள்ள தம்பி மோகனுக்கு,

அக்கா பிரபா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். அங்கே நீயும் கீர்த்தனாவும் குழந்தையும் நலமாக இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும். திருநெல்வேலிப் பக்கம் மழை விடவில்லை என்று டி.வி.யில் சொன்னார்கள். இருமல் வந்தால் அலட்சியமாக விடாதே. சிரிக்காதே, இதைச் சொல்ல மற்றவர்களைவிட எனக்கு உரிமை அதிகம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போன வாரம் நான் கட்டடத்தைப் பற்றி ஆரம்பித்ததுமே, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுக்கா" என்று வைத்துவிட்டாய். அக்காவே ஆனாலும், ஆபீசருக்கு எல்லோரும் மனுதாரர்தான் போலிருக்கிறது. சரி, எழுத்திலேயே கொடுக்கிறேன். கீர்த்தனா பக்கத்தில் இல்லாதபோது படி.

நீ இங்கே இன்ஜினியராக இருந்தபோது கட்டிவிட்டுப் போன கட்டடத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேஷன் கடை வாடகை இடத்தில், வி.ஏ.ஓ. ஒழுகும் அறையில், நூலகம் மாடிப்படிக்கு அடியில், என் துணை சுகாதார நிலையம் ஏரிக்கரை ஓட்டுக் கட்டடத்தில் என்று ஆளுக்கொரு திசையில் கிடந்தோம். நாலு துறையையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, என் பழைய நிலையத்துக்குப் பக்கத்திலேயே எல்லோருக்குமாக ஒரு கூரை போட்டாய். திறப்பு விழாவில் உனக்குச் சால்வை போட்டபோது நானும்தான் கை வலிக்கத் தட்டினேன். இப்போது எனக்கு ஃபேன் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, பெண்களுக்குக் கழிவறை இருக்கிறது. பழையதை இடித்தபோது நான் வருத்தப்படக்கூட இல்லை.

ஆனால் வாசல் ஒன்றுதான். நடுவில் ஒரு கூடம், சுற்றி நாலு அறை. ரேஷன் வரிசை என் கதவை ஒட்டித்தான் நிற்கிறது. என்னிடம் யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள், கையில் என்ன கொண்டுபோகிறார்கள் என்பதெல்லாம் அரிசிக்கு நிற்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. சர்க்கரை மாத்திரைக்கு வரும் பெரியவர்களுக்கு இதில் கஷ்டமில்லை, பேச ஆள் கிடைத்த சந்தோஷம். மறைவாக வந்துகொண்டிருந்தவர்கள்தான் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

அதில் ஒருத்தியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெயர் எழுத மாட்டேன். இந்த ஊருக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டி.பி. என்று தெரிந்தும் புருஷன் கைவிடவில்லை. சிறுசேரியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறான், நல்ல பிள்ளை. வீட்டில் தெரிந்தால் தாய்வீட்டுக்கு மூட்டை கட்டிவிடுவார்கள் என்று இரண்டு பேருமாக மறைத்தார்கள். தெரு முழுக்க முகாம் என்று சொல்லி அந்த வீட்டில் எல்லோரையும் பரிசோதித்துவிட்டேன். அப்போது யாருக்கும் தொற்றவில்லை. வீட்டில் மாத்திரையை ஒளித்துவைக்க இடமில்லாததால், தினமும் ஏரிக்கரை வழியாக என் பழைய நிலையத்தின் பின்வாசலுக்கு வந்து விழுங்கிவிட்டுப் போவாள். முகத்தில் சதைகூட வைத்தது.

புதுக் கட்டடத்துக்கு மாறியதும் வரவில்லை. அவள் புருஷனுடைய அண்ணன்தான் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். அவர் தராசுக்கும் என் கதவுக்கும் நடுவில் ஒரு தூண்கூட இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. புருஷனிடம் கொடுத்தனுப்பினேன். அவன் அம்மா பையைத் துழாவி, இது யாருக்கு என்று குடைந்ததில் பயந்துபோய் எல்லாவற்றையும் ஏரியில் போட்டுவிட்டான். மாமியாருக்குப் பிரஷர் பார்க்கும் சாக்கில் வீட்டுக்கே போனேன். நாலு தடவை போவதற்குள் அந்த அம்மா வழிமறித்து, "இன்னா நர்சம்மா, எங்க வூட்டுக்கே வந்துகினு கீறீங்க, யாருக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டார். பிறகு நூலகத்து ஹெலனிடம், ஒரு பெண் படிக்க வருவாள், அங்கே வைத்து அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஹெலன் ஒரு கேள்வி கேட்கவில்லை. புத்தக அலமாரியை இழுத்துப் போட்டு மறைவு செய்து கொடுத்தாள். ஒரு வாரம் நன்றாக நடந்தது. அப்புறம் அந்த அண்ணன் வரிசைக்கு முன்னால், "எங்க வூட்டுப் பொண்ணு கலெக்டருக்குப் படிக்குது" என்று சிரித்திருக்கிறார். அவர் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கலாம். அதோடு அவள் நின்றுவிட்டாள்.

நேற்று பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். நான் கிட்டே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "என்னை வுட்டுடுக்கா. ஒடம்பு போனா போவுது, வூடாவது நிக்கட்டும்."

அந்த அண்ணனுடைய குழந்தை ஒன்று அந்த வீட்டில் தவழ்கிறது, மோகன். பாதியில் மருந்தை நிறுத்தினால் அந்த நோய் அடுத்த தடவை சாதாரண மாத்திரைக்கு அடங்காமல் போகலாம்.

என் அறையின் பின்சுவரில் ஒரு கதவு இருந்தால் அவள் நாளைக்கே வருவாள். கேட்டுப் பார்த்தேன். கட்டடம் நாலு துறைக்கும் பொது, நாங்கள் மட்டும் சுவரைத் தொட முடியாது என்கிறது ஒன்றிய அலுவலகம். எங்கள் மேலதிகாரி வி.ஏ.ஓ.வைக் கேட்கச் சொன்னார். வி.ஏ.ஓ. நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்து, பின்னால் இருப்பது ஏரி நிலம், அது இன்னொரு துறை என்றார். நாலு துறையும் சேர்ந்த கூட்டுக் குழு கூடி முடிவெடுக்க வேண்டுமாம். திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தக் குழு கூடவே இல்லை. எல்லோருக்கும் சொந்தமான சுவரை யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள். அவர்களை மறுபடி ஒரே மேஜையில் உட்கார வைக்க எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

முதல் பிளானை நம் வீட்டில் விரித்துக் காட்டினாயே, அதில் அந்தக் கதவு இருந்தது. ஏரி நிலத்தைக் கேட்கப் போனால் இன்னொரு வருஷம் இழுக்கும் என்று பிறகு எடுத்துவிட்டாய். எடுத்ததற்கு நான் உன்னைத் திட்டவில்லை. முதலில் அதை எதற்காகப் போட்டாய் என்று எனக்குத் தெரியும்.

நீ பத்தாவது படித்த வருஷம், மாடு தேடப் போகிறவள் மாதிரி அம்மா உன்னை ஏரிக்கரை வழியாகக் கூட்டிப் போவாள். அப்போதிருந்த சகுந்தலா நர்சம்மா பின்வாசலில் மாத்திரையும் தண்ணீருமாக நிற்பார். முன்பக்கம் யாராவது வருகிறார்களா என்று நான் காவல் நிற்பேன். ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் உனக்குக் குணமாகிவிட்டது. நீ படித்தாய், வேலைக்குப் போனாய், கீர்த்தனா வீட்டில் பெண் கேட்டபோதும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் இதுவரை வாய் திறந்ததில்லை, இனியும் திறக்க மாட்டேன். உன்னைப் பயமுறுத்துகிறேன் என்று நினைத்துவிடாதே, அப்படி நினைத்தால் நான் செத்துப்போவேன்.

இவளுக்கும் காவல் நிற்க நான் இருக்கிறேன். வாசல்தான் இல்லை.

ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. உன் பேச்சை இங்கே இன்னும் மதிக்கிறார்கள். குழந்தைக்கு என் முத்தம். இதைப் படித்ததும் கிழித்துப்போடு. நீ நூறு வருஷம் நல்ல உடம்போடு இருக்க வேண்டும். அவளும் இருக்கட்டும், தம்பி.

உன் அக்கா,
பிரபா